புஸ்ஸென்று ஒரு சத்தம்

“அவ பேசினா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது மாஸ்டர். என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்” என்றார் கணவர்.

மெக்கானிக் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். “வண்டி ஓட்டறது யாரும்மா?”

“நான்தான்.”

“அப்ப நீங்க சொல்லுங்க. எப்படி நிக்குது?” தகரக் கூரையே அதிர்கிற குரல்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக நூலகத்தில் வேலை. படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று, சத்தத்தைக் குறைத்து ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் நிறுத்திப் பேசிப் பழகியவள். வீட்டிலும் அதே குரல்தான். அவள் பாதி சொல்லும்போதே கணவர் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் அது வேறு மீதியாக இருக்கும்.

இருபத்தாறு வயதான கார். இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை நடுவழியில் நின்றுவிட்டது. போன ஒர்க்‌ஷாப்பில், இன்ஜினே போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். நாளைக் காலை பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துப்போவதாகப் பேச்சு. நூலகம் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போகும். “போனா போகுது, வீட்டுல நிம்மதியா இரு” என்று கணவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நிம்மதிதான் அவளுக்கு வேண்டாததாக இருந்தது. கடைசியாக ஒரே ஒரு இடத்தில் காட்டிப் பார்ப்போம் என்று கெஞ்சித்தான் இங்கே கூட்டி வந்திருந்தாள்.

“இருபது நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம்...”

“சூடாகி நின்னுடுது மாஸ்டர்” என்று கணவர் மீசைக்குள்ளிருந்து முடித்துவைத்தார். அந்த மீசை அப்படி. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவருடைய உதட்டை அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

மெக்கானிக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “நிக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம் போடுதும்மா? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க.”

“சத்தத்தையா?”

“ஆமா. லொடலொடவா, கடகடவா, டொக்டொக்கா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வியாதி.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். “குக்... குக்... கூம்ம்” என்றாள்.

“மறுபடி சொல்லுங்க.” அவர் கண் இமைக்கவில்லை.

“அவ மூஞ்சியிலயா இன்ஜின் இருக்கு?” என்றார் கணவர். அதற்கும் பதிலில்லை.

தன் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காக ஒருவர் இப்படிக் காத்து நின்றதாக அவளுக்கு நினைவில்லை. போன ஒர்க்‌ஷாப்பில் சொல்ல வந்து பாதியில் விழுங்கியதை இப்போது சொன்னாள்.

“வண்டி நின்னதும், பெட்ரோல் தீந்துடுச்சோன்னு டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். அப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். மூடிட்டு வந்து சாவியைத் திருப்பினா, ஸ்டார்ட் ஆயிடும்.”

“மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? தலைவலிக்குச் செருப்பை மாத்தற கதையா இருக்கு” என்று கணவர் சிரித்தார்.

மெக்கானிக் ஓரடி நெருங்கி வந்தார். “உஸ்ஸா, புஸ்ஸா?”

உதட்டைச் சேர்த்துப் பிரித்து, தெளிவாகச் சொன்னாள். “புஸ்.”

அவளை உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். காய்ச்சல் பார்ப்பதுபோல பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கணவர் பக்கத்திலேயே நின்று, பழைய காரின் தொல்லையில் ஆரம்பித்து உலக நடப்பு வரைக்கும் பேசித் தீர்த்தார். மெக்கானிக் ஒரு ‘உம்’கூடக் கொட்டவில்லை. கைக்கடியில் வண்டி இருமி அடங்கியதும் நேராகப் பின்னால் போய், மூடியை லேசாகத் திருகி, அதன் விளிம்பில் கையை வைத்தார்.

புஸ்.

“இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு” என்றார் அவளிடம் வந்து. “மூடியில மூச்சு விட ஒரு துளை உண்டு. அது அழுக்குல அடைச்சுப் போச்சு. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காத்து போகணும்மா. வழியில்லைன்னா பெட்ரோல் இறங்காது, வண்டி நின்னுடும். நீங்க சொன்னதுதான் சரி.”

ஒரு ஊசியால் துளையைக் குத்தி, வாயால் ஊதி, மூடியை மாட்டினார். அவ்வளவுதான் வைத்தியம். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஊரைச் சுற்றி வந்தும் வண்டி நிற்கவில்லை.

கணவர் இரும்புக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். “நல்லவேளை, நீ விடாப்பிடியா இருந்தே” என்று அவளிடம் சொல்லவும் செய்தார். “ஆனா என்ன மனுஷன் இவரு? இவ்வளவு பேசறேன், ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லலையே” என்று முணுமுணுத்தபடி கேட்டைத் திறக்கப் போனார்.

மெக்கானிக் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்றாள்.

“ரொம்ப நன்றிங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் காது கொடுத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் திரும்பவில்லை. இவருமா என்று அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனால் இன்றைக்கு விழுங்க மனமில்லை. சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்று, மறுபடியும் சொன்னாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு காதைத் தொட்டுக் காட்டினார். “இது போய் ஏழு வருஷம் ஆச்சும்மா, வாயைப் பார்த்துத்தான் எல்லாம். உங்க வீட்டுக்காரர் மீசையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு, ஒரு எழுத்தும் புரியலை. உங்க பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு.”