வெல்மாவின் வான்கோழி

"இந்த வாளிய இன்னும் ஒரு அங்குலம் நகர்த்தச் சொன்னே, நானும் உள்ள இறங்கிப் படுத்துக்குவேன்" என்றான் டுவெய்ன்.

சொன்னானே தவிர, நகர்த்தினான். கார் கொட்டகைக்குள் அந்த வாளிக்கு அது நான்காவது இடம்.

அவன் மனைவி ரோண்டா புது இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். வாரம் முழுக்கத் தபால் நிலையத்தில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவள். நின்றபடியே தூங்க அவளால் முடியும். அன்று காலை உப்புநீர் காய்ச்சும்போது இரண்டு முறை தூங்கியும்விட்டாள். கல் உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஐஸைக் கொட்டியாயிற்று. இனி ஒரு வான்கோழி அதற்குள் மறுநாள் வரை முங்கிக் கிடக்க வேண்டும். மறுநாள் நன்றித் திருநாள், அமெரிக்காவில் குடும்பம் கூடி வான்கோழி தின்னும் நாள்.

இத்தனை பாடும் மாமியார் வெல்மாவால் வந்தது. விஸ்கான்சினில் அந்த வட்டாரத்தில் வெல்மாவின் வான்கோழியை அறியாதவர் இல்லை. அறுத்தால் தூசி பறக்கும். ஒரு வருடம் மூத்த மாப்பிள்ளை தன் பங்கைத் தொழுவத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அப்புறம் வந்த பனிப்புயலில் தொழுவம் போயிற்று, கதவு மட்டும் நிற்கிறது. இன்னொரு வருடம் மேசைக்கடியில் விழுந்த துண்டைக் கவ்விய நாய், நேரே போய்த் தன் தண்ணீர்க் கிண்ணத்தில் அதை ஊறப்போட்டுவிட்டுப் பக்கத்தில் காத்திருந்தது.

மனிதர்களோ முப்பத்தோரு வருடமாக மென்று, விழுங்கி, அருமை என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கிரேவி ஊற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது என்பார்கள்.

போன வருடம் அசதியில் ரோண்டாவின் வாய் சும்மா இருக்கவில்லை. முதல் நாளே உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டால் இவ்வளவு காயாதே என்று சொல்லிவிட்டாள். மேசையைச் சுற்றிப் பதினொரு முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. வெல்மா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப அடுத்த வருஷம் நீயே ஊற வை."

அவ்வளவுதான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மருமகள் சமையலைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்தக் கோழி சொதப்பினால், ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டு மெல்ல வேண்டியதுதான்.

கோழியை வாளிக்குள் இறக்கப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. வெல்மா. காலையிலிருந்து மூன்றாவது தடவை. முதலில் கல் உப்பா தூள் உப்பா என்று கேட்டாள். அடுத்து, தண்ணீர் நன்றாக ஆறிவிட்டதா என்று. கிழவி குற்றம் பிடிக்க அலைகிறாள் என்று ரோண்டா பல்லைக் கடித்தாள்.

"கோழி உறையில பொடி எழுத்தப் படிச்சியா?"

"எதுக்கு?"

"கடையில விக்கறதுக்கு முன்னாடியே உப்புத்தண்ணி ஏத்தியிருப்பாங்க. அத நீ மறுபடி ஊறப்போட்டா, நாளைக்கு எல்லாரும் உப்புக்கண்டந்தான் திங்கணும்."

ரோண்டா குப்பைத் தொட்டியிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தாள். எறும்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால், கார் சாவியை எடுத்தாள்.

மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் நாற்பது மைல் தள்ளி ஒரு பண்ணையில் உப்பேற்றாத கோழி ஒன்றைப் பிடித்தாள். சாயங்காலம் அதை வாளியில் முக்கினால், மிதந்தது. அமுக்கிப் பிடிக்க மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் டுவெய்ன் உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் கனத்த பௌலிங் பந்து. அவன் பந்துக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றான்.

மறுநாள் பகல் ரோண்டா வீட்டு மேசையில் கோழி வந்து உட்கார்ந்தது. கத்தி பட்டதும் சாறு வழிந்தது. மூத்த மாப்பிள்ளை ஏதோ விபத்து என்று நினைத்துத் துடைக்கத் துணி எடுத்தார். எல்லோரும் வெல்மாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு துண்டு தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று தின்றாள். பிறகு, நன்றாக இருக்கிறது என்றாள்.

இனி வருடா வருடம் வான்கோழி ரோண்டாவின் பொறுப்பு என்று அங்கேயே ஒருமனதாக முடிவாயிற்று. முதலில் கை தூக்கியது வெல்மாதான்.

ரோண்டா ஜெயித்துவிட்டாள். ஆனால் பாத்திரம் துலக்கும்போது உறுத்தியது. முப்பத்தோரு வருடம் ஆண்ட ஒரு கிழவியை குடும்பத்தார் முன்னால் உட்கார வைத்துத் தோற்கடித்திருக்கிறோமே. ஈரக் கையோடு போய்ப் பார்த்தாள். வெல்மா கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"உங்க மனசு நோகணும்னு நான் செய்யல, வெல்மா."

வெல்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நோகறதா? என் மாமியார் பதினேழு வருஷம் கோழியக் காய வெச்சாங்க, நான் வாயத் திறந்து இந்த வேலையில மாட்டிக்கிட்டேன். நான் முப்பத்தோரு வருஷம் வேணும்னே காய வெச்சேன், கண்ணு. மரியாத பாத்து ஒருத்தரும் வாயத் திறக்கல, நீ வர்ற வரைக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருஷத்துலேர்ந்து நீயும் ரெண்டு மணி நேரம் கூடவே அடுப்புல விடு. உன் பையனுக்கு ஆறு வயசுதானே, அவன் கட்டிக்கிட்டு வர்றவளாவது சீக்கிரம் வாயத் திறக்கட்டும்."