திமிங்கிலப் பல்

லிஃப்ட் ஓடவில்லை. அதனால் தாயம்மாவை முதுகில் சுமந்துகொண்டு சேமியே மூன்று மாடியும் ஏறினான். அவள் கணவர் ராஜேந்திரா கைத்தடியையும் ஃபைலையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்.

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் விசாவுக்கு வரிசை நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பூர்வகுடி ஃபிஜியனின் முதுகில் ஓர் இந்தியக் கிழவி. அந்த இரண்டாயிரமாவது வருஷத்தில் அப்படி ஒரு காட்சி யாருக்கும் எளிதில் கிடைக்காது. ஃபிஜியன்கள் சிலர் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் போய், இந்தியர் தலைமையிலான ஆட்சியைக் கவிழ்த்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

விசா அதிகாரி ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறதாம். சேமிக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். அவன் வேண்டாமென்று சுவரோரம் தரையில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர்கள் முன்னால் தாழ உட்காருவது அவர்கள் வழக்கம் என்று ராஜேந்திரா விளக்கினார்.

விளக்க வேண்டியது இன்னும் மலையாகக் கிடந்தது. மகள் ரொனீதா இருக்கும் நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், இங்கே உயிருக்கு ஆபத்து என்று இந்தப் பெண் நம்ப வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை மனுவைத் திருப்பிவிட்டார்கள். இதுதான் கடைசி.

பட்டப்பகலில் ஃபிஜியன்கள் ஆறு பேர் வந்தார்கள் என்று ஆரம்பித்தார். முதலில் மாடுகளை அவிழ்த்து ரோட்டுப் பக்கம் பத்திரமாக ஓட்டிவிட்டார்கள். பிறகு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஓடிய ஓட்டத்தில் தாயம்மா வாய்க்காலில் விழுந்து கால் முறிந்தது.

அதிகாரியின் பேனா நின்றது. வீட்டைக் கொளுத்த வந்தவர்கள் மாட்டை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டாள். மாடு என்ன பாவம் செய்தது என்று நினைத்திருப்பார்கள் என்றார் ராஜேந்திரா. சொல்லி முடித்த பிறகுதான், நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். சேமி வீட்டில்தான். தன் கட்டிலை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவன் பாயில் படுக்கிறான். எரிந்த வீடு இருந்த நிலமும் அவன் குலத்தாருடையது, அதைக் குத்தகைக்கு எடுத்தவர் ராஜேந்திராவின் அப்பா. எண்பத்தேழில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின்போது சேமியின் அப்பாதான் வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்று இவர்களைக் காத்தார். சேமி படித்தது இவர்களுடைய தென்னிந்தியர் சங்கப் பள்ளிக்கூடத்தில். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், ரொனீதாவுக்குத் தெரியாது.

அந்தப் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஃபிஜியன்கள் உங்களுக்கு நண்பர்களா, எதிரிகளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான், மேடம்."

படிவத்தில் அதற்கு இடமில்லை. சரி, அந்த ஆறு பேரின் பெயரையாவது சொல்லுங்கள் என்றாள். ராஜேந்திரா சேமியை ஒரு தடவை பார்த்துவிட்டு மென்று முழுங்கினார். ஆறு பேரையும் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்றார்.

அவர்கள் இரண்டாம் நாளே தம்புவா என்கிற திமிங்கிலப் பல்லைக் கொண்டுவந்து, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். இவரும் வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டால் அந்தப் பகையைப் புதைத்தாயிற்று. அப்புறம் பெயரைச் சொல்வது குழியைத் தோண்டுவது மாதிரி. போலீசுக்கும் அதனால்தான் போகவில்லை.

"நீ வாங்கின பல்லு. நீயே கட்டிக்கிட்டு அழுய்யா" என்றாள் தாயம்மா. ரொனீதாவுக்குப் பிறந்த குழந்தையை அவள் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டாயிற்றென்றால் ஆபத்தும் தீர்ந்துவிட்டதே என்றாள் அதிகாரி.

"கேட்டது இந்தத் தடவ வந்தவங்க, மேடம். அடுத்த தடவ வரப்போறவங்க இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அறுபது வருஷம் இந்த மண்ணில் இருந்தவருக்கே பாதிதான் புரிந்திருந்தது. பெயர் இல்லை, புகார் இல்லை, சாட்சி இல்லை. மனுவை நிராகரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வருத்தமாகவே சொல்லி ஃபைலை மூடினாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற கதியில் உட்கார்ந்திருந்தார் ராஜேந்திரா.

அப்போது தரையிலிருந்து சேமி கையை உயர்த்தினான். எல்லாவற்றையும் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான்.

"வேணாம்டா சேமி. வாயத் தொறக்காத" என்று தமிழில் பதறினார் ராஜேந்திரா.

"பல்லு வாங்கினவருதான் பேசக் கூடாது, அய்யா. நான் பேசலாம்."

அதிகாரி அவனை எச்சரித்தாள். வாக்குமூலம் கொடுத்தால் போலீஸ் கேட்கும், கோர்ட் கூப்பிடும், அவனுடைய ஆட்களே பகைத்துக்கொள்வார்கள், நன்றாக யோசித்துச் சொல் என்றாள். மாடிப்படி ஏறும்போதே யோசித்துவிட்டதாக அவன் சொன்னான்.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். தேதி போட்டாள்.

"வீட்டுக்குத் தீ வெச்சவன் பேரு?"

சேமி தாயம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பேருதான், மேடம்."