பாட்டு கேட்காத ஆமை

ஆலமரப் பொந்தில் காட்டு வானொலி நடந்தது. குயில் பாடும்; அணில் நன்கொடை திரட்டும். கொடுத்தவர்களின் பெயரைத் தினமும் காலையில் வானொலியிலேயே சொல்லி நன்றி கூறுவதும் அணில்தான். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்த யானை, தன் பெயர் வரும்வரை காதை விரித்தபடி நிற்கும்.

ஆமை அக்கா மட்டும் வாராவாரம் நாவல்பழம் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

"எத்தனை தடவை நன்றி சொல்லியாயிற்று! ஒரு நாளாவது முகம் மலர்ந்தாளா?" என்று அணில் குறைப்பட்டது.

"அவளுக்குக் காது கேட்காதே. உனக்குத் தெரியாதா?" என்றது குயில்.

அணிலை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமையிடம் ஓடிப்போய், "கேட்காத பாட்டுக்கு எதற்கு அக்கா பழம்?" என்று சைகையில் கேட்டது.

"நீங்கள் ஆரம்பித்ததும் எதிரே உள்ள புதரில் முயல்குட்டிகள் குதிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்."

மறுநாள் அணில் யார் பெயரையும் சொல்லவில்லை. "நேயர்களே, இன்றைய பாட்டை எல்லோரும் ஆமை அக்கா வாசலுக்கு வந்து கேளுங்கள்" என்றது.

குயில் பாடியது. வாசலில் முயல்கள் குதித்தன, மயில் ஆடியது, யானைகூடத் தலையை ஆட்டியது.

ஆமை ஓட்டிலிருந்து கழுத்தை முழுசாக நீட்டினாள்.

"இன்றைக்குக் குயில் ரொம்ப நன்றாகப் பாடுகிறதே!" என்றாள்.