பேர் சொல்ல முடியாத ஆப்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கு நான் கடிக்கிற ரொட்டி கல்லாகப் போகட்டும்! அத்தனையும் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரச் சந்தையில் நடந்த சத்தியம்.

செல்போன் பழுது பார்க்கும் ஜெனிஷின் கடைக்கு அய்ஜிரெக் மறுபடியும் வந்து நின்றாள். கையில் இன்னொரு போன்.

“அண்ணே, இதுலயும் அந்தப் பாதுகாப்புக் காவலைக் கொஞ்சம் நிறுத்திட்டு, அதே ஆப்பை ஏத்திக் குடுங்க.”

ஏற்றப் போனதுமே போனின் பாதுகாப்புச் சோதனை சிவப்பாக அலறியது: ‘ஆபத்து! செய்தவர் யாரென்று தெரியவில்லை.’

“போன வாரம் கறுப்பு போன். முந்தாநேத்து உடைஞ்ச போன். இன்னிக்குப் பூப்போட்ட போன். எங்கேம்மா புடிக்கிறே இத்தனை?”

“எங்கூட சம்சா கடையில வேலை பார்க்கிறவங்களோடது. கேட்டுத்தான் வாங்கிட்டு வந்தேன்.”

“கண்ட ஆப்பை ஏத்தினா பேங்க்ல இருக்கறதெல்லாம் பறந்துடும். இந்தக் காவலே உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.”

“போன் அவங்களுது. அவங்களே சரின்னுட்டாங்க. நடுவுல போன் கம்பெனிக்காரனுக்கு என்ன வந்துச்சு?”

“வாய் வேறயா? சரி, யாரு செஞ்ச ஆப்? சொல்லு.”

அவள் உதட்டைக் கடித்தாள். “பேரைச் சொல்ல முடியாது.”

“அப்போ போலீஸ்கிட்ட சொல்லு.” ஜெனிஷ் தன் போனை எடுத்தான்.

“ஐயோ, வேணாம்ணே! குதிரை லாடம் எதுல அடிப்பாங்க?”

“இரும்புல. பேச்சை மாத்தாதே.”

“அதான் அவரு பேரு!”

கிர்கிஸ் மொழியில் இரும்பு என்றால் டெமிர். ஜெனிஷுக்கு உறைத்தது. அந்த ஊரில் மாமனார் பேரை எந்த மருமகள் வாய்விட்டுச் சொல்வாள்? தலையே போனாலும் மாட்டாள்.

“உன் மாமனாரா செஞ்சாரு?”

“ஆமாண்ணே. வானிலை ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. தானே கத்துக்கிட்டுச் செஞ்சாரு. அது வெயில்னு சொன்னா அன்னிக்கு ஆலங்கட்டி மழை! எந்த ஆப் ஸ்டோர்லயும் அதைச் சேத்துக்கலை. ஆனா எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு தினம் சாயங்காலம் பார்ப்பாரு. ஒரு ஆள் கூடினா ரெண்டு தட்டு பிலாவ் சோறு சாப்பிடறாரு. இல்லேன்னா பாதித் தட்டுல எழுந்துடறாரு. அதைப் பார்த்துட்டு எப்படிண்ணே இருக்கறது?”

ஜெனிஷ் தன் போனைக் கீழே வைத்தான். அந்த ஆப் போனில் வேறெதையும் நோண்டவில்லை என்று சரிபார்த்தான். காவலை நிறுத்தி, ஏற்றி, மறுபடி காவலைப் போட்டுக் கொடுத்தனுப்பினான்.

அவள் தலை மறைந்ததும் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, நான்தான் டெமிர். என் மருமக இங்கேதானே வந்துட்டுப் போறா?”

“ஆமாங்கய்யா. உங்க ஆப் விஷயமாத்தான்...”

“அது உருப்படாததுன்னு எனக்குத் தெரியாதா? ஆயுசுபூரா மேகத்தைப் பார்த்தவன்ப்பா நான்!” பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த வயசுக்கு எனக்குப் பாதித் தட்டுதான் கொள்ளும். ஒரு நாள் ஆள் கூடுச்சுன்னதும் அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். சரி, பாவம்னு ரெண்டு தட்டு தின்னு வெச்சேன். அது வினையாப் போச்சு. இப்போ போன் போனாத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையறா.”

“அவகிட்டயே சொல்லிடலாமே?”

“சொன்னா நொந்துடுவா. நாளைக்கு வந்தா, சந்தை முழுக்க நீயே ஏத்தி விடறேன்னு சொல்லிடு. எண்ணிக்கை தினமும் தானா ஏறுற மாதிரி நான் மாத்தி வெச்சுட்டேன்.”

“அப்போ தினமும் ரெண்டு தட்டு சாப்பிட்டாகணுமேய்யா!”

“அது என் வயித்துப் பாடு, தம்பி. அந்தப் பொண்ணு காலுக்கு ஓய்வு கிடைச்சாப் போதும்.”

இதை நான் சொன்னதாக மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். அய்ஜிரெக் வேலை செய்யும் அந்தச் சம்சா கடையை நம்பித்தான் என் மத்தியானப் பொழுது ஓடுகிறது.