முகமூடியை மாற்றச் சொன்னார்

ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டே நாளில் எடுத்த படம் அது. வானத்திலிருந்து விழுந்த கல்லுக்குள்ளிருந்து ஒரு கோர உருவம் வெளிவந்து ஊரைத் துரத்தும். வெளிநாட்டில் சக்கைப்போடு போட்ட ஒரு படத்தைப் பார்த்துத்தான் ஜிஜின் இதை இயக்கியிருந்தான்.

படத்தைப் பார்த்துவிட்டு விநியோகஸ்தர் மோகனன் போனில் கூப்பிட்டார். நல்ல சேதிதான் என்ற நம்பிக்கையில் ஜிஜின் ஸ்பீக்கரில் போட்டான். அந்த உருவமாக நடித்த ரெத்தினதாஸும் அவர் மனைவி ஷிஜியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரெத்தினதாஸ் அதே தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர்.

"கதை கொள்ளாம் மக்கா. அந்த ஆளுக்க நடையும் கொள்ளாம். முகமூடிதான் சரியில்ல. பிளாஸ்டிக்க உருக்கி ஒட்டினது போல உண்டு. ஆளுவ சிரிப்பாவ."

ஜிஜின் பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கப் போனான். ரெத்தினதாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது அப்படியே இருக்கட்டும்" என்றான் ஜிஜின்.

"எலே, அத மட்டும் மாத்து. நாளைக்கே படத்த நான் எடுத்துக்கிடுதேன்."

ஷிஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெத்தினதாஸ் போனின் பக்கம் சாய்ந்தார்.

"சாரே, நடிச்சவன் பேசுதேன். நான் முகமூடி ஒண்ணும் போடல்ல. ரப்பர் ஷீட்டு காயப்போடுத புகைப்புரையில தீப்பிடிச்ச பொறவு, எனக்கு உள்ள மொகம் அதாக்கும். மாத்த முடியுமெங்கில், ஏழு வருசத்துக்கு முன்னயே மாத்தியிருப்பேன்."