எவரும் என்றால் எவரும்

"உரிமம் எங்கம்மா? முதல்ல அதைக் காட்டுங்க. மத்த கதையெல்லாம் அப்புறம்."

வரி ஆய்வாளர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கையிலிருந்த கோப்புக் கட்டை மேசைமேல் தொப்பென்று போட்டார். இன்ஜினியரம்மாவின் டீ டம்ளர் மயிரிழையில் தப்பியது.

"பதினோரு வருஷமா ஊருக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருக்கோம் சார். இதுவரைக்கும் யாரும் உரிமம் கேட்டதில்லையே."

"பதினோரு வருஷமா உரிமம் இல்லாமலா! அதை வாயால வேற சொல்றீங்க. எங்க ரோட்டைத் தோண்டிக் குழாய் பதிச்சு, வீட்டுக்கு வீடு காசு வாங்குவீங்க. நகராட்சிக்கு மட்டும் பட்டை நாமமா?"

கோப்பைப் பிரித்துப் புது விதியை உரக்கப் படித்தார். ஊர் எல்லைக்குள் மின்சாரம், தொலைபேசி, தண்ணீர் இவற்றைக் காசு வாங்கிக்கொண்டு வழங்கும் எவரும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். விதியை எழுதியவரும் அவரேதான். அந்த 'எவரும்' என்ற சொல் பேனாவிலிருந்து விழுந்த நாள் முதல் அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"எவரும்னா எவரும்தான். ஓட்டையே கிடையாது. மின்சாரக் கம்பெனிக்காரன் வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்தான். படிச்சுப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுக் கட்டிட்டுப் போனான். டெலிபோன்காரனும் கட்டிட்டான். பட்டியல்ல பாக்கி நீங்க மட்டும்தான். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நூத்துக்கு நூறு வசூல் காட்டணும்."

காட்டினால் பதவி உயர்வு என்பதை அவர் சொல்லவில்லை. அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

இன்ஜினியரம்மா அவர் நீட்டிய நோட்டீஸில் தொகையைப் பார்த்தாள். கிழக்குத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய் ஒரு மாதம் ஆகிறது. புது மோட்டாருக்கென்று அவள் கெஞ்சிக் கூத்தாடி ஒதுக்கி வைத்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"சார், நாளைக்குப் புது மோட்டார் வருது. இதைக் கட்டினா அது வராது. நானூறு வீட்டுல குழாய் காஞ்சு கிடக்குது. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு ரெண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமக்கிறாங்க."

"ஒவ்வொருத்தருக்கும் இரக்கப்பட்டா நகராட்சி நடத்த முடியுமா? வருமானம் வந்தாத்தானே ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாம்!"

"தண்ணி குடுக்கிறது அதுல சேராதா சார்?"

"வாதாடாதீங்க. கட்டலைன்னா பம்ப் ஹவுஸைப் பூட்டி சீல் வெச்சிடுவேன். என்னால முடியாதுன்னு நினைக்காதீங்க."

முடியும் என்றுதான் அவள் நினைத்தாள். மண்டைக்குள் இருக்க வேண்டியதை ரப்பர் ஸ்டாம்பில் வைத்திருக்கும் மனிதரால் எதுதான் முடியாது?

"பணம் என் கையில இல்ல. எங்க பெரியவர் கையெழுத்துப் போடணும்."

"உங்க பெரியவர் கொம்பனாவே இருக்கட்டும். வாங்க, நானே பேசுறேன்."

இருவரும் மாடி ஏறினார்கள். பெரியவர் ஒரே அதட்டில் இந்தக் கூத்தை நிறுத்திவிடுவார் என்று இன்ஜினியரம்மா மலைபோல நம்பினாள். மனிதருக்கு அந்த அளவாவது மூளை இருக்கும் என்பது அவள் கணக்கு.

பெரியவர் நோட்டீஸை ஒரு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. கட்டிடுங்க."

"சார்! அப்போ மோட்டார்?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒரு மாசம் சமாளிச்ச ஜனங்களுக்கு இன்னும் பத்து மாசம் ஒரு பெரிய விஷயமா?"

சொல்லிக்கொண்டே காசோலையில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படிப்பட்டவரிடம் போய் வேலை பார்க்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆய்வாளர் முகமெல்லாம் பல்லாக அங்கேயே நின்றபடி ரசீது எழுதினார். சீல் குத்தி, ஊதிக் காயவைத்து, அவள் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்க. நாளைக்குக் கட்டலைன்னு யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது பாருங்க."

அவள் ரசீதைப் படித்தாள். முத்து முத்தான எழுத்து. 'பெற்றுக்கொண்டவர்: ஆணையர், நகராட்சி' என்று கீழே இருந்தது. மேலே, 'செலுத்தியவர்: ஆணையர், நகராட்சி, குடிநீர்ப் பிரிவுக்காக.'