குமாரசாமியின் ஷவர்

“இன்னாப்பா ஷவர் இது! பாவு நூல் கணக்கா இறங்குது. மாப்ள வூட்டுக்காரங்க ஓரிக்கையில இருந்து கிளம்பிட்டாங்களாம். நான் எப்ப குளிச்சி எப்ப ரெடியாவுறது?”

இடுப்பில் துண்டோடு நின்று கத்தினார் பட்டு நெசவாளர் குமாரசாமி. அன்று அவர் மகள் ஏலவார்குழலியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“பக்கெட்டுல மொண்டு ஊத்திக்கினா ஆவாதா?” என்றாள் மனைவி சங்கரி. பிளம்பர் சிட்டிபாபுவிடம் திரும்பி, “நாளைக்குப் பாத்துக்கலாம்பா, நீ கிளம்பு” என்று கெஞ்சினாள்.

“அதெல்லாம் முடியாது! பழைய வூட்ல அருவியாட்டம் கொட்டும். இங்க வந்ததுல இருந்து ஆசையா ஒரு குளியல் உண்டா? வர்ற பிளம்பருங்கெல்லாம் இவ குடுக்குற காபியைக் குடிச்சிட்டு, பைப்புல உப்பு அடைச்சிருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிடுறானுங்க.”

சிட்டிபாபுவிடமும் காபி நீட்டப்பட்டது.

“நான் காபி குடிக்கிறதில்லக்கா” என்றவன் நேராக மொட்டைமாடிக்கு ஏறினான். டேங்குக்கு அடியில் இருந்த வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது. முழுசாகத் திறந்துவிட்டான்.

கீழே ஷவர் சோவென்று கொட்டியது. “அடி சக்கை!” என்று துள்ளியபடி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார் குமாரசாமி. வாசலில் கார் வந்து நின்றது. சங்கரிக்கு முகம் வெளிறியது.

மாப்பிள்ளை உதயகுமாரும் அவன் அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். ஏலவார்குழலி கேசரித் தட்டோடு வந்தாள். உதயகுமார் நிமிர்ந்து பார்த்தான். இருவருக்கும் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது.

குமாரசாமி பாடினார். தண்ணீர் வேகமாகக் கொட்டக் கொட்ட, குரலும் ஏறிக்கொண்டே போனது. சுருதி ஒரு தெருவில் போக, தாளம் வேறு தெருவில் ஓடியது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. உதயகுமாருக்குக் கேசரி புரையேறியது. ஏலவார்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சொக்கிப்போய்த் தொடையில் தாளம் தட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்தாள். சம்பந்தம் போச்சு என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் சங்கரியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் காதருகே குனிந்தாள்.

“மாடி வால்வைச் சும்மா மூடி வெச்சா எவனாவது தொறந்துடுவான், சம்பந்தி. எங்க வூட்ல நான் பூட்டே போட்டு வெச்சிருக்கேன்!”